தேர்த்துகளின் எண்

(இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத் தமிழன்பர் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருவில்லிபுத்தூர் மக்கட்குத் தேரைப் பற்றி எவரும் சொல்லித்தர வேண்டா. ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேர் நிலையை விட்டு அசைந்ததும் எழும் ஆரவாரமும், வடம் பிடித்த கைகளின் காய்ப்பும், உருளைகள் தெருவை அரைக்கும் ஒலியும், பின்னே எழும் புழுதியும் இவ்வூர்க் குழந்தையும் அறிந்தவை. இராசபாளையத்தாரும் அந்நாளில் இங்கு வந்து வடம் தொட்டு மீள்பவரே. வெயிற்கற்றையில் மிதந்து, கண்ணுக்குப் புலப்பட்டும் கைக்கு அகப்படாமல் நழுவும் அப்புழுதியின் ஒரு நுண்பொடியைப் பழந்தமிழ்க் கணக்கன் ஓர் எண்ணுக்குப் பெயராக வைத்தான். அப்பெயர் தேர்த்துகள் என்பது.

தேர்த்துகள் என்பது ஒன்றின் ஒரு சிறு பங்கு. அரை, கால், அரைக்கால் என்று இறங்கும் கீழ்வாய் எண்களின் வரிசையில் கடைப்படியில் நிற்பது அது. கடைப்படியில் நிற்கும் பங்கு சிறிதாகச் சிறிதாக, அதற்குக் கீழே எழுதப்படும் எண் பெரிதாகும் அன்றோ? அவ்வாறு பெருகி நிற்கும் முழு எண் ஒன்றைப் பற்றியதே இவ்வுரை. தமிழின் தொன்மையையும் வளத்தையும் பேசும் மேடைகளில் இவ்வெண் பலகாற் சொல்லப்படுகின்றது, கைதட்டும் பெறுகின்றது. ஆயின், அதனைப் பிரித்துப் பார்த்தவர் சிலரே. சரிபார்த்தவர் அவரினும் சிலர்.

முதற்கண் அவ்வெண் பிறக்கும் வழியைக் காண்போம். திண்ணைப் பள்ளிகள் வழியாகவும் கணக்கு நூல்கள் வழியாகவும் வந்த வாய்பாடு அதனைக் கீழிருந்து மேலாக இவ்வாறு கட்டும்:

ஆறரைத் தேர்த்துகள் கொண்டது ஒரு நுண்மணல்.
நூறு நுண்மணல் கொண்டது ஒரு வெள்ளம்.
அறுபது வெள்ளம் கொண்டது ஒரு குரல்வளைப்படி.
நாற்பது குரல்வளைப்படி கொண்டது ஒரு கதிர்முனை.
இருபது கதிர்முனை கொண்டது ஒரு சிந்தை.
பதினான்கு சிந்தை கொண்டது ஒரு நாகவிந்தம்.
பதினேழு நாகவிந்தம் கொண்டது ஒரு விந்தம்.
ஏழு விந்தம் கொண்டது ஒரு பாகம்.
ஆறு பாகம் கொண்டது ஒரு பந்தம்.
ஐந்து பந்தம் கொண்டது ஒரு குணம்.
ஒன்பது குணம் கொண்டது ஓர் அணு.
ஏழு அணு கொண்டது ஒரு மும்மி.
பதினொரு மும்மி கொண்டது ஓர் இம்மி.
இருபத்தோர் இம்மி கொண்டது ஒரு கீழ்முந்திரி.
முந்நூற்றிருபது கீழ்முந்திரி கொண்டது ஒரு முந்திரி.
முந்நூற்றிருபது முந்திரி கொண்டது ஒன்று.

படிகள் பதினாறு. இப்பதினாறு எண்களையும் ஒன்றோடொன்று பெருக்கினால் ஒன்றில் எத்தனை தேர்த்துகள் அடங்கும் என்பது கிடைக்கும். கிடைக்கும் எண் இது:

2323824530227200000000.

இருபத்திரண்டு இலக்கங்கள் கொண்ட எண். வாயாற் சொல்லப் புகின், இரண்டு கோடியே முப்பத்திரண்டு நூறாயிரத்து முப்பத்தெட்டாயிரத்து இருநூற்று நாற்பத்தைந்து கோடி கோடி என்று சொல்லி, அதற்குமேலும் சிறிது கூட்ட வேண்டும். எழுத ஒரு வரி போதும். எண்ணி முடிக்க ஒருவரின் வாழ்நாளும் போதாது.

இவ்வளவு பெரிய எண்ணை எவ்வாறு அறிவது? பெரிய குடும்பத்தை அறிய அதன் வேரை வினவுதல் போல, பெரிய எண்ணை அறிய அதனை ஆக்கிய பகா எண்களை வினவ வேண்டும். தன்னாலும் ஒன்றாலுமன்றிப் பிறிதோர் எண்ணாற் பகுபடாத எண் பகா எண் எனப்படும். 2, 3, 5, 7, 11, 13, 17, 19 என அவை தொடரும். எந்த முழு எண்ணும் பகா எண்களின் பெருக்கமாக ஒரே வகையில்தான் பிரியும். தேர்த்துகளின் எண்ணை அவ்வாறு பிரித்தால், 2 என்பது இருபத்திரண்டு முறையும், 3 ஐந்து முறையும், 5 எட்டு முறையும், 7 நான்கு முறையும், 11, 13, 17 என்பன ஒவ்வொரு முறையும் வருகின்றன. வேறு பகா எண் எதுவும் இல்லை.

இதில் முதலிற் கண்ணில் படுவது, 2 முதல் 17 வரை உள்ள பகா எண்கள் ஏழும் ஒன்றும் விடுபடாமல் இருத்தலே. நடுவில் ஓட்டை இல்லை. இதன் விளைவு யாது? 1 முதல் 18 வரை உள்ள எந்த எண்ணாலும் இவ்வெண்ணை மிச்சமின்றி வகுக்கலாம். நிலம் ஒன்றைப் பதின்மூவர் பங்கிடினும், பதினெழுவர் பங்கிடினும், தேர்த்துகள் அளவில் ஒவ்வொருவர்க்கும் முழு எண்ணாகவே பங்கு வரும். பத்தொன்பதின்மர் வந்து நின்றால்தான் கணக்கு முறியும். அப்போது ஆறு தேர்த்துகள் மிஞ்சும்.

இவ்வியல்பு ஒரே தாவலில் வந்ததன்று, படிப்படியாக வந்தது. அதனையும் காண்க. மேற்படிகள் இரண்டும் 320, 320 என்பன. 320 என்பது 2ஐ ஆறுமுறையும் 5ஐ ஒரு முறையும் பெருக்கியது. இவ்வெண்ணைத் தேர்ந்ததன் பயன் அங்காடியிலும் களத்திலும் தெரியும். அரை என்பது 160 முந்திரி, கால் 80, அரைக்கால் 40, மாகாணி எனப்படும் வீசம் 20, மா 16, காணி 4. பாதி பாதியாக இறங்கும் வரிசையும், இருபதிலொன்றாகிய மாவின் வரிசையும் ஒரே முந்திரியில் முழுமையாக அடங்குகின்றன. வேலி இருபது மாவாக இருத்தலையும் உடன் நினைவிற் கொள்க. அன்றாடக் கொடுக்கல் வாங்கலுக்கு இதனினும் ஏற்ற எண் காண்டல் அரிது.

ஆயினும், 320இல் 3 இல்லை. ஆகலின் 320ஐ எத்தனை முறை அடுக்கினாலும் மூன்றிலொரு பங்கு முழுமையாக வராது. உடன்பிறந்தார் மூவர் ஒரு வேலி நிலத்தைப் பங்கிடுவதாகக் கொள்வோம். ஒன்றை 320 முந்திரியாக்கினால் ஒருவர்க்கு 106 முந்திரி வரும். 2 முந்திரி மிஞ்சும். அம்மிச்சத்தை 640 கீழ்முந்திரியாக்கினால் ஒருவர்க்கு 213 கீழ்முந்திரி வரும். ஒரு கீழ்முந்திரி மிஞ்சும். இனி அம்மிச்சத்தையும் முந்நூற்றிருபதாகவே உடைத்துச் சென்றால், ஒவ்வொரு படியிலும் ஏதேனும் மிஞ்சிக்கொண்டே இருக்கும். கணக்கு ஒருநாளும் தீராது.

இவ்விடத்தில்தான் வாய்பாடு 320ஐ விட்டு 21க்கு மாறுகின்றது. 21 என்பது 3ஐ 7ஆற் பெருக்கியது. மிஞ்சிய ஒரு கீழ்முந்திரியை 21 இம்மியாக்கினால் மூவர்க்கும் ஏழேழு இம்மி. கணக்குத் தீர்ந்தது. மூன்றிலொன்று என்பது 106 முந்திரி, 213 கீழ்முந்திரி, 7 இம்மி. ஒரு மணலும் மிஞ்சவில்லை. அவ்வாறே ஏழிலொன்று என்பது 45 முந்திரி, 228 கீழ்முந்திரி, 12 இம்மி. இம்மி என்னும் ஒரே படி, 3க்கும் 7க்கும் ஒருங்கே கதவைத் திறந்துவிட்டது. அடுத்த படியாகிய மும்மி 11க்குக் கதவு திறந்தது. குணம் 9க்குத் திறந்தது. நாகவிந்தம் 17க்குத் திறந்தது. எஞ்சியது 13. அது கடைசிப் படியில், பிற படிகளுக்கெல்லாம் மாறாக நிற்கும் ஆறரை என்னும் எண்ணால் வருகின்றது. ஆறரை என்பது பதின்மூன்றின் பாதியன்றோ? அவ்வாறரையை ஆறு என்றோ ஏழு என்றோ எவரேனும் திருத்தி எழுதினால், 13 என்னும் பகா எண் இவ்வெண்ணிலிருந்து மறைந்து போகும். பார்வைக்கு ஒழுங்கற்றதாகத் தோன்றும் ஒரு படிதான் முழு வரிசைக்கும் நிறைவு தருகின்றது.

இவையெல்லாம் உண்மைதானா என்று ஐயுறுவார் இங்கேயே சரிபார்க்கலாம். கருவி எதுவும் வேண்டா. ஒரு சிலேட்டுப் பலகை போதும். 7, 11, 13 மூன்றையும் பெருக்கினால் 1001 வரும். ஓர் எண் 1001ஆல் வகுபடுமா என அறிய, அதனை வலமிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்ட வேண்டும். தேர்த்துகளின் எண்ணைப் பிரித்தால் 2, 323, 824, 530, 227, 200, 000, 000 என எட்டுக் கூறுகள் வரும். முதல், மூன்றாம், ஐந்தாம், ஏழாம் கூறுகளாகிய 2, 824, 227, 000 என்பவற்றின் கூட்டுத்தொகை 1053. இரண்டாம், நான்காம், ஆறாம், எட்டாம் கூறுகளாகிய 323, 530, 200, 000 என்பவற்றின் கூட்டுத்தொகையும் 1053. இரண்டும் ஒத்து நிற்கின்றன. ஆதலின் இவ்வெண் 1001ஆல் மிச்சமின்றி வகுபடும். 7, 11, 13 மூன்றாலும் வகுபடும். துலாக்கோலின் இரு தட்டும் ஒத்து நிற்பது போன்ற காட்சி இது.

இன்னும் ஓர் இயல்பு. இவ்வெண்ணின் கடையில் எட்டுச் சுழிகள் நிற்பது ஏன்? ஒரு 2ம் ஒரு 5ம் சேர்ந்தால் ஒரு பத்து. ஒரு பத்துக்கு ஒரு சுழி. 5 எட்டு முறையே வருதலின் சுழியும் எட்டே. 2 எஞ்சி நிற்கும், இணை கிடையாது.

இனி, இவ்வெண்ணை மிச்சமின்றி வகுக்கும் எண்கள் மொத்தம் எத்தனை? ஒவ்வொரு பகா எண்ணின் அடுக்கோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் விடை வரும். 23, 6, 9, 5, 2, 2, 2 என்பவற்றைப் பெருக்க 49,680 ஆகும். ஏறத்தாழ ஐம்பதாயிரம் வழிகளில் சமமாகப் பிரியும் எண் இது.

இவ்விடத்தில் இராசபாளையத்துப் பஞ்சாலைத் தொழிலாளர்க்கு ஒன்று நினைவு வரலாம். ஆலையில் நூலைச் சிட்டம் சிட்டமாக அளப்பர். ஒரு சிட்டம் 840 கசம். ஓர் இராத்தல் நூலில் எத்தனை சிட்டம் உள்ளதோ அதுவே அந்நூலின் நம்பர். 100ஆம் நம்பர் நூல் என்றால் ஓர் இராத்தலில் 84,000 கசம். இவ்வளவை ஆங்கிலேயரின் ஆலை வழக்கு நமக்குத் தந்தது. அந்த 840ஐப் பிரித்தால் 2 மூன்று முறை, 3, 5, 7 ஒவ்வொரு முறை. 1 முதல் 8 வரை எல்லா எண்ணாலும் அது வகுபடும்; அதனை வகுக்கும் எண்கள் 32. அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் 32 வகுஎண்கள் இல்லை. தொழில் செய்வோர் எந்நாட்டவராயினும், எளிதிற் பங்கிடத்தக்க எண்ணையே தேடினர் என்பதற்கு முந்திரியின் 320ம் சிட்டத்தின் 840ம் சான்று.

தன்னினும் சிறிய எல்லா எண்களையும்விட மிகுதியான வகுஎண்களைக் கொண்ட எண்களை ஆய்ந்து, 1915ஆம் ஆண்டில் இலண்டன் கணக்கியற் கழகத்தின் வெளியீட்டில் நீண்ட கட்டுரை வரைந்தவர், ஈரோட்டில் 1887இல் பிறந்து குடந்தையில் வளர்ந்த இராமானுசன். சிட்டத்தின் 840 அத்தகைய எண்களுள் ஒன்று. தேர்த்துகளின் எண்ணும் அவ்வரிசையில் இடம்பெறுமா? பெறாது. காரணம் எளிது. அவ்வரிசையில் நிற்கும் எண்ணில், பகா எண்கள் பெரிதாகப் பெரிதாக அவற்றின் அடுக்கு ஏறக்கூடாது. இறங்கவோ ஒத்து நிற்கவோ வேண்டும். தேர்த்துகளின் எண்ணில் 3க்கு ஐந்து அடுக்கு. அதனையடுத்த 5க்கு எட்டு அடுக்கு. ஏறிவிட்டது. அவ்விரண்டு அடுக்கையும் இடமாற்றினால், ஏறத்தாழ ஐந்திலொரு பங்கேயுள்ள சிறிய எண் ஒன்று கிடைக்கும். அதற்கும் 49,680 வகுஎண்களே இருக்கும். எனவே, உலகிலேயே மிகுதியாக வகுபடும் எண்ணைத் தமிழன் கண்டான் என்று எவரேனும் மேடையில் முழங்கினால் அது பொய்யாகும். இருபதும் பத்தும் கொண்டு எண்ணிப் பழகிய கையாகலின் 5 மிகுந்தது. உள்ளதை உள்ளவாறு சொன்னாலும் இவ்வெண்ணின் சிறப்புக் குறையாது.

அன்பர்களே, இனிச் சொல்வதே இவ்வுரையின் உள்ளீடு. தமிழ்க் கீழ்வாய் எண்களின் பட்டியல் இன்று மலர்களிலும் துண்டறிக்கைகளிலும் கைப்பேசிச் செய்திகளிலும் பரவி வருகின்றது. பரவுதல் மகிழ்ச்சிக்குரியது. ஆயின் பரவும் படிகள் சிலவற்றில் கதிர்முனையின் எண் 489631109120000 என்றும், குரல்வளைப்படியின் எண் 9585244364800000 என்றும், வெள்ளத்தின் எண் 575114661888000000 என்றும், நுண்மணலின் எண் 57511466188800000000 என்றும் காணப்படுகின்றன. நான்கும் பிழை. நான்கிலும் தலை இலக்கம் விடுபட்டிருக்கின்றது. கதிர்முனைக்கு உரியது 1489631109120000. குரல்வளைப்படிக்கு 59585244364800000. வெள்ளத்துக்கு 3575114661888000000. நுண்மணலுக்கு 357511466188800000000. கடைசியில் நிற்கும் தேர்த்துகளின் எண் மட்டும் அப்படிகளிலும் தலை இழக்காமல் நிற்கின்றது. அதனை ஆறரையால் வகுத்தால் நுண்மணலின் உண்மை எண் வெளிப்படும். திருட்டுப்போன வீட்டில் ஒரே ஒரு சான்றாளன் எஞ்சியிருப்பது போல, கடைசி எண் மேலுள்ள நான்கின் பிழையையும் காட்டிக்கொடுக்கின்றது.

பெருக்கிப் பார்க்கும் பொறுமை இல்லாதவர்க்கு அதனினும் எளிய சோதனை ஒன்று உண்டு. வாய்பாட்டில் குணத்தை எட்டும்போது 3 மூன்று முறை சேர்ந்துவிடுகின்றது. ஆகலின் குணத்திலிருந்து கீழுள்ள எண்கள் அனைத்தும் 9ஆல் வகுபட வேண்டும். பத்தை 9ஆல் வகுத்தால் ஒன்று மிஞ்சும். நூறும் ஆயிரமும் அவ்வாறே. எனவே ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டிய தொகை 9ஆல் வகுபட்டால்தான் அவ்வெண்ணும் 9ஆல் வகுபடும். கதிர்முனையின் பிழைபட்ட எண்ணைக் கூட்டினால் 44. வகுபடாது. விடுபட்ட ஒன்றைச் சேர்த்தால் 45. வகுபடும். குரல்வளைப்படியின் பிழை எண் 58 தரும். திருத்தியது 63 தரும். வெள்ளத்தின் பிழை எண் 60 தரும். திருத்தியது 63 தரும். தேர்த்துகளின் எண்ணைக் கூட்டினால் 45. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்யத்தக்க இக்கூட்டலை, பட்டியலைப் பரப்பும் பெரியவர்கள் செய்யாது விட்டனர்.

ஓர் இலக்கம் விடுபட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று சிலர் கேட்கலாம். தமிழுக்கு எதிர்நிற்பார் ஒருவர் அப்பட்டியலை எடுத்து, ஒரு வரியை அடுத்த வரியோடு பெருக்கிக் காட்டி, உங்கள் முன்னோர்க்குப் பெருக்கவே தெரியாது போலும் என்று நகைத்தால், நாணவேண்டியவர் யார்? முன்னோர் சரியாகப் பெருக்கினர். படியெடுத்த நாம் பிழைத்தோம். ஏளனமோ அவர்கள் தலையில் விழும். ஒரு சொல்லில் ஓர் எழுத்து மாறி அச்சானால் துடிக்கும் தனித்தமிழன்பர், ஓர் எண்ணில் ஓர் இலக்கம் விடுபட்டால் வாளாவிருத்தல் தகுமா? எழுத்துப் பிழையும் எண் பிழையும் ஒரே நிறைகோலில் வைத்துப் பார்க்கத்தக்கவை.

மற்றொரு வகைப் பிழையும் உண்டு. அது மிகைக்கூற்று. நிலவுலகின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். அதனைத் தேர்த்துகளின் எண்ணால் வகுத்தால் வரும் துண்டு, இன்றைய அறிவியல் கூறும் அணுவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு சிறியது. இதனைக் கொண்டு, பழந்தமிழன் அணுவின் உள்ளீட்டை அளந்தான் என்று சிலர் உரைப்பர். பெயர் வைத்தல் ஒன்று, அளத்தல் மற்றொன்று. தேர்த்துகள் என்பது கணக்கில் பிறந்த பங்கு. கருவியால் அளந்த அளவன்று.

அவ்வேறுபாட்டைத் தஞ்சைக் கல்வெட்டே உணர்த்தும். இராசராசன் எடுத்த பெருவுடையார் கோயில் கல்வெட்டுகளில், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன், நிலக்கணக்கு ஒரு வேலியின் 5242,88,00,000இல் ஒரு பங்கு வரை சென்றது. வேலி என்பது ஆறரை ஏக்கருக்குச் சற்று மிகுதி. அதனை அவ்வெண்ணால் வகுத்தால் வருவது ஒரு சதுர மில்லிமீட்டரில் பாதியளவே. எந்தக் கோலாலும் எவரும் வயலில் அவ்வளவு நுணுக்கமாக அளந்திருக்க இயலாது. வரிக்கு உரிய நிலத்தையும் உரியதல்லா நிலத்தையும் கூட்டியும் கழித்தும் தரம் பிரித்தும் கணக்கிட்டபோது வந்த விடையை, ஒரு சிறு பகுதியும் விடாமல் கல்லில் வெட்டி வைத்தனர் என்பதே உண்மை. அப்பெரிய எண்ணைப் பிரித்தால் 320 மூன்று முறையும் 1600 ஒரு முறையும் பெருக்கியதாகும். அதாவது 2ம் 5ம் மட்டுமே. கீழ் என்னும் சொல்லை அடுக்கி ஒவ்வொரு முறையும் 320ஆற் பிரித்துச் சென்ற அரசிறைக் கணக்கு அது. எஞ்சியதை வீசி எறியாத நேர்மைதான் அக்கல்வெட்டின் பெருமை. அந்நேர்மையைப் போற்ற நினைப்பவர், அதனினும் பெரிய பொய்யை அதன்மேல் ஏற்றுதல் கூடாது.

சொற்களைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். தனித்தமிழ் உணர்வுடையார் இப்பட்டியலைப் பார்த்ததும் சில பெயர்களில் தயங்குவர். அத்தயக்கம் முறையானதே. மா, காணி, முந்திரி, இம்மி, கதிர்முனை, நுண்மணல், தேர்த்துகள் என்பன மண்ணின் மணம் மாறாத சொற்கள். குணம், பாகம், பந்தம் முதலியன வடசொல் வடிவின. ஒரே வாய்பாட்டில் இருவகைச் சொல்லும் கலந்து நிற்றலின், பல தலைமுறைக் கைகள் அதில் பட்டிருத்தல் தெளிவு. கலப்பை மறைத்து முழுதும் தமிழே என்று சாதித்தலும் வேண்டா. கலப்புண்மை கண்டு முழுதையும் தள்ளுதலும் வேண்டா. நெல்லையும் பதரையும் முறத்தில் இட்டுப் புடைக்கும் தாய், பதர் கண்டதற்காக நெல்லைக் கொட்டிவிடுவதில்லை.

வெள்ளம் என்னும் சொல்லை நோக்குக. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் ஐ, அம், பல் என்னும் ஈறு கொண்ட எண்ணுப்பெயர்கள் பேசப்படுகின்றன. உரையாசிரியர்கள் தாமரை, வெள்ளம், ஆம்பல் என்பவற்றை எடுத்துக்காட்டினர். பரிபாடலின் இரண்டாம் பாடலிலும் வெள்ளம் பேரெண்ணாக வருகின்றது. ஆனால் கீழ்வாய் வரிசையில் அதே வெள்ளம் கண்ணுக்கெட்டாச் சிறு பங்கின் பெயர். ஆகவே வெள்ளம் என்று படித்தவுடன் பேரெண் என்று எழுதுவதும், சிற்றெண் என்று எழுதுவதும் தவறாகலாம்; இடம் நோக்கிப் பொருள் கொள்ளவேண்டும்.

இவ்வாய்பாடு எப்போது நம் வாயிலிருந்து நழுவியது? ஓர் உரூபா பதினாறு அணாவாக இருந்த காலம் வரை வீசம் என்பது உயிருள்ள சொல். ஓரணா என்பது உரூபாவின் வீசம். 1957ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் உரூபா நூறு காசாயிற்று. அதன்பின் மாகாணிக்கும் காணிக்கும் கடைத்தெருவில் வேலை குறைந்தது. பத்தின் முறை எளிது. அதனை எதிர்க்க வேண்டுவதில்லை. ஆயின் எளிய முறை வந்ததற்காக, முன்னிருந்த முறையின் அறிவையே இழக்க வேண்டுமென்பதில்லை. பத்தின் முறையில் மூன்றிலொன்று இன்றும் முடிவின்றி 0.333 என்று ஓடிக்கொண்டேயிருக்கின்றது. இம்மியோ அதனை 7 என்று சொல்லி நிறுத்திவிட்டது. இதனைப் பள்ளிப் பிள்ளைகட்குக் காட்டினால், பகா எண் என்பதன் பொருளும் விளங்கும். தாய்மொழியில் கணக்குப் படிக்கலாம் என்னும் துணிவும் பிறக்கும்.

இராசபாளையத்துக்குத் தெற்கே சங்கரன்கோவிலில் 1902இல் பிறந்தவர் மொழிஞாயிறு பாவாணர். இராசபாளையத்தை அடுத்த முறம்பில் அவர் பெயரால் கோட்டம் நிற்கின்றது. 1974இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்று, 1981இல் மறையும்வரை சொல்லின் வேர் தேடியவர் அவர். ஒரு சொல்லை அதன் மூலம் காணாமல் ஏற்றுக்கொள்ளாத உழைப்பே அவர் வாழ்க்கை. மறைமலையடிகள் 1916இல் தொடங்கிய இயக்கம் அத்தகைய உழைப்பினால்தான் நிலைத்தது. முழக்கத்தால் மட்டும் நிலைத்ததன்று. சொல்லுக்கு வேர் காணல் எத்தகையதோ, எண்ணுக்குப் பகா எண் காணலும் அத்தகையதே.

ஆகவே இவ்விரண்டு ஊர்த் தமிழன்பர்க்கும் ஒரு வேண்டுகோள். வீட்டிலோ மன்றத்திலோ கீழ்வாய் எண்களின் பட்டியல் தொங்குமாயின், இன்றிரவே அதனைக் கீழே இறக்கி, கதிர்முனை முதல் நுண்மணல் வரை இலக்கங்களைக் கூட்டிப் பார்க்க. தொகை ஒன்பதில் அடங்காவிடின், விடுபட்ட தலை இலக்கத்தைக் கையாலேயே எழுதிச் சேர்க்க. பிள்ளைகளை உடன் அமர்த்திப் பெருக்கச் செய்க. பிறர்க்கு அனுப்புமுன் சரிபார்த்து அனுப்புக. அடுத்த ஆடிப்பூரத்தில் தேர் அசையும்போது, வெயிற்கற்றையில் எழும் புழுதியைக் காட்டி, இதன் பெயரால் ஒரு கணக்கு உண்டு. அதில் மூன்று முதல் பதினேழு வரை யாவர்க்கும் குறையாத பங்கு உண்டு என்று அப்பிள்ளைகட்குச் சொல்க. சொல்லுமுன் நாமே ஒருமுறை பெருக்கிப் பார்த்திருத்தல் நம் கடன்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழ்க் கணக்கு!